சிங்கப்பூர்ல வெளிய சாப்பிடும்போது ஹலாலான்னு எப்படி உறுதி பண்றது

ஊர்ல இருந்து யாராவது சிங்கப்பூர் வர்றாங்கன்னா எனக்கு வர்ற முதல் போன் டிக்கெட் பத்தியோ ரூம் பத்தியோ இருக்காது, "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது, ஹலாலா கிடைக்குமா, எப்படி நம்புறது" இதுதான் இருக்கும். பத்து பேருக்கு பத்து தடவை சொல்லியாச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்க வாப்பா கீழக்கரையில இருந்து முதல் தடவை வந்தப்ப மூணு நாளு வாழைப்பழம், பிஸ்கட், நான் வீட்டுல வைக்கிற ரசம் இதுலயே ஓட்டிட்டாங்க. எங்க பிளாக்குக்கு கீழ இருக்குற காபிக்கடையில ஒரு பக்கம் கண்ணாடிக்குள்ள வறுத்த பன்னி இறைச்சி தொங்கும், நாலு கடை தள்ளி மலாய்க்காரம்மா நாசி கோரெங், அதான் வறுத்த சோறு, போடுவாங்க, ரெண்டும் ஒரே கூரை. வாப்பா அந்தக் கண்ணாடிய பாத்ததோட சரி, திரும்பி லிஃப்டுக்கு போயிட்டாங்க. அவங்கள தப்பு சொல்ல மாட்டேன், நம்ம ஊர்ல பாய் கடைன்னா பாய் கடை, கேள்வியே கேக்காம உள்ள போயிடுவோம், கேட்டு பழக்கமே கிடையாது. இங்க கேட்டுத்தான் ஆகணும், ஆனா என்ன கேக்கணும்னு தெரிஞ்சிட்டா இந்த ஊர் மாதிரி சுலபமான ஊரு கம்மி. 2020 கணக்கெடுப்புப்படி 15 வயசுக்கு மேல உள்ள குடியிருப்பாளர்கள்ல 15.6 சதவீதம் முஸ்லிம்கள், அதனால எந்த ஏரியாவுக்கு போனாலும் நமக்கு ஒரு கடையாவது இருக்கும்.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், "இது ஹலாலா?"ங்கற கேள்விய மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க. முஸ்லிம் இல்லாத கடைக்காரர் நிறைய பேருக்கு ஹலால்னா பன்னி இல்ல அப்படிங்கறது மட்டும்தான் அர்த்தம், அவரு மனசார "யெஸ் யெஸ் ஹலால்"னு சொல்லுவாரு, பொய் சொல்றாருன்னு இல்ல, அவருக்கு தெரிஞ்சது அவ்ளோதான். கோழிய யாரு அறுத்தாங்க, சாஸ்ல வைன் இருக்கா, இதே சட்டில காலையில என்ன வதக்குனாங்க, இதெல்லாம் அவரு கணக்குலயே வராது. அதனால நான் எப்பவும் மூணு படியா போவேன். உறுதி சொல்றது யாரு, அந்த உறுதி இந்தக் கடைக்கு இன்னிக்கு செல்லுமா, உறுதி சொல்ல யாருமே இல்லன்னா சட்டிக்குள்ள என்னென்ன போகுது.

முதல் படிக்கு இங்க பதில் முயிஸ். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், மலாய்ல மஜ்லிஸ் உகாமா இஸ்லாம் சிங்கப்பூரா, 1968-ல அமைச்ச சட்டபூர்வ மன்றம். 1978-ல இருந்து ஹலால் சான்றிதழ் குடுக்குறாங்க, 1999-ல முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்துல திருத்தம் வந்து அந்த அதிகாரம் இவங்க கைக்கு சட்டப்படியே வந்துச்சு. இந்தியாவுல மாதிரி ஆளாளுக்கு ஒரு டிரஸ்ட், ஒரு கம்பெனி, எது பெருசு எது சிறுசுன்னு குழம்ப வேண்டிய வேலையே இல்ல. முயிஸ் சான்றிதழ் இல்லாம அவங்க முத்திரைய மாட்டி வச்சா 10,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரைக்கும் அபராதம், இல்ல 12 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். அதனால இந்த முத்திரைய இங்க யாரும் சும்மா வெளையாட்டா ஒட்ட மாட்டாங்க. சான்றிதழ் வாங்குற கடையில ஹலாலுக்குன்னே ஒரு டீம் இருக்கணும், அதுல முஸ்லிம் ஊழியர் இருக்கணும், ஒவ்வொரு பொருளும் எங்க வாங்குறாங்கன்னு பேப்பர் காட்டணும், மது விக்கக் கூடாது, முன்னாடி பன்னி சமைச்ச இடமா இருந்தா மார்க்க முறைப்படி கழுவி சுத்தம் பண்ணியிருக்கணும், அதாவது ஏழு தடவை கழுவுறது, அதுல ஒரு தடவை மண் கலந்த தண்ணி. சில கடையில வெளி சாப்பாடு உள்ள கொண்டு வராதீங்கன்னு போர்டு இருக்கும்ல, அதுக்கும் இதான் காரணம், கோவிச்சுக்காதீங்க.

சரி, சான்றிதழ எப்படி படிக்கிறது. கல்லாப்பெட்டி பக்கத்துலயோ வாசல் கண்ணாடியிலயோ ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. நிறைய பேரு தூரத்துல இருந்து பச்சையா ஒரு முத்திரைய பாத்துட்டு உள்ள போயிடுறாங்க, அப்படி பண்ணாதீங்க, கிட்டப் போயி நாலு விஷயம் பாருங்க: கடை பேரு, முகவரி, எந்த வகை சான்றிதழ், எந்த தேதி வரைக்கும் செல்லும். நாலாவது நாளு வாப்பாவ நான் கையப் புடிச்சு அப்படி ஒரு கடைக்கு கூட்டிட்டுப் போனேன். வாப்பா கண்ணாடிய நெத்தில இருந்து இறக்கி, விரல வரி வரியா வச்சு, கடை பேர போர்டோட ஒத்துப் பாத்து, யூனிட் நம்பர வாசல்ல இருந்ததோட ஒத்துப் பாத்து, கடைசியா தேதிகிட்ட வந்து "இன்னும் ஏழு மாசம் கெடக்குடா மவனே"ன்னாங்க. கல்லால நின்ன பொண்ணு சிரிச்சிட்டு நிக்கிது. அதுக்கப்புறம் ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க. பத்திரம் படிக்கிற மாதிரி படிச்சாங்க பாருங்க, அப்படித்தான் படிக்கணும்.

ஏன் முகவரிய இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, சான்றிதழ் பிராண்டுக்கு இல்ல, அந்த ஒரு கிளைக்கு. இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஒரு கடையோட கிளையில பல தடவை சாப்பிட்டிருக்கேன், சான்றிதழ் வாசல்லயே தொங்கும், ஒரு நாளு வேற ஏரியாவுல அதே பேரு அதே போர்டு அதே மெனு பாத்து பிள்ளைங்கள கூட்டிட்டு உள்ள போயி உக்காந்து பாதி சாப்பிட்டாச்சு, தண்ணி வாங்கப் போன வீட்டுக்காரி திரும்பி வந்து மெதுவா "இங்க எங்கயுமே சான்றிதழ் காணோமே"ங்கறா. போயி கேட்டா மேனேஜர் நல்ல மனுஷன், ஒளிக்காம சொன்னாரு, அந்தக் கிளைக்கு வாங்கியிருக்கோம், இந்தக் கிளைக்கு இன்னும் வாங்கல, இங்க பீர் விக்கிறோம்னு. அப்படியே தட்ட வச்சிட்டு எந்திரிச்சிட்டோம். பிள்ளைங்க முகத்த பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அன்னிக்கு இருந்து பேர நம்புறத விட்டுட்டேன், உக்காருறதுக்கு முன்னாடி வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுத்தான் நாற்காலிய இழுப்பேன்.

வாசல்ல மாட்டலன்னா, இல்ல தேதி தெரியலன்னா போன்ல பாருங்க. முயிஸ் வெப்சைட்ல ஹலால்எஸ்ஜின்னு ஒரு தேடல் இருக்கு, கடை பேரு போட்டா எந்தெந்த கிளைக்கு சான்றிதழ் நடப்புல இருக்குன்னு காட்டும். பேரு போட்டு வரலன்னா தெரு பேரோ அஞ்சல் குறியீடோ போட்டு பாருங்க, ஏன்னா நிறைய கடை போர்டுல ஒரு பேரும் கம்பெனி பேரா வேற ஒன்னும் வச்சிருக்கும். மெக்டொனால்ட்ஸ் இங்க 1992-ல இருந்து ஹலால் சான்றிதழோட ஓடுது, கேஎஃப்சியிலயும் சான்றிதழ் இருக்கு, வந்து இறங்குன அன்னிக்கு ராத்திரி ஒன்னும் புரியலன்னா பிள்ளைங்களுக்கு அங்க வாங்கிக் குடுத்து தூங்க வைங்க, மறுநாளு நிதானமா தேடிக்கலாம்.

அடுத்து எல்லாருக்கும் வர்ற சந்தேகம். ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் பிரியாணிக் கடை வச்சிருக்காரு, தலையில தொப்பி, செவுத்துல ஆயத்துல் குர்ஸிங்கற குர்ஆன் வசனம், ஆனா முயிஸ் சான்றிதழ் இல்ல. சாப்பிடலாமா? சான்றிதழ் வாங்குறது இங்க கட்டாயம் இல்ல, விருப்பம். அதுக்கு காசு ஆகும், பேப்பர் வேலை இருக்கு, ஒத்தையா ஸ்டால் ஓட்டுற ஆளுக்கு அது பாரம்தான். சான்றிதழ் இல்லங்கறதால ஹராம்னு, அதாவது கூடாததுன்னு, ஆயிடாது. முஸ்லிம் ஒருத்தர் தன் கையால சமைச்சு இது ஹலால்னு சொன்னா அவரு வார்த்தைய ஏத்துக்கிறதுதான் நம்ம வழக்கம், நானும் அப்படித்தான் சாப்பிடுறேன். நபியோட மனைவி ஆயிஷா நாயகி அறிவிக்கிற ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரிங்கற தொகுப்புல இருக்கு, சிலரு இறைச்சி கொண்டு வர்றாங்க, அல்லாஹ் பேரு சொல்லி அறுத்தாங்களான்னு தெரியலன்னு கேட்டப்ப, நீங்க பிஸ்மி சொல்லி சாப்பிடுங்கன்னு நபி ரசூலுல்லாஹ் சொன்னாங்கன்னு. ஒரு முஸ்லிம துருவித் துருவி விசாரணை பண்றது பேணுதல் ஆகாது.

ஆனா ஒன்னு பாருங்க, முதலாளி முஸ்லிமா இருக்குறதும் போர்டுல முஸ்லிம் பேரு இருக்குறதும் வேற வேற. கடைய வேற ஆளு கைமாத்தி வாங்கி பழைய பேர்லயே ஓட்டலாம், பிறையும் நட்சத்திரமும் போட்ட பழைய ஸ்டிக்கர் அப்படியே இருக்கலாம், அடுப்புல நிக்கிற ஆளு யாருன்னு பாருங்க, ஒரு சலாம் சொல்லுங்க, பதில் வர்ற விதத்துலயே பாதி தெரிஞ்சிடும். சலாம் சொல்லிட்டு "அண்ணே கறி எங்க வாங்குறீங்க"ன்னு சாதாரணமா கேட்டா போதும், நல்ல கடைக்காரர் சப்ளையர் பேரோட சொல்லுவாரு, சில பேரு பிரிட்ஜ திறந்து பாக்கெட்டயே காட்டுவாங்க.

இப்ப முக்கியமான இடம், நிறைய பேரு வழுக்குற இடம். நோ போர்க் நோ லார்ட்னு போர்டு. லார்டுன்னா பன்னிக் கொழுப்ப உருக்குன எண்ணெய். இந்த போர்டு சொல்றது ரெண்டே ரெண்டு, பன்னிக் கறி இல்ல, பன்னிக் கொழுப்பு இல்ல. ஹலால்னு அது சொல்லல. கோழி ஹலால் அறுப்பா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மாட்டுக்கறி எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாது, ஒயின் ஊத்தியிருக்கலாம். இந்த போர்ட பாத்ததும் கதவு திறந்தாச்சுன்னு நெனைக்காதீங்க, கேள்வி கேக்கலாம்னு ஒரு அனுமதி கிடைச்சிருக்குன்னு எடுத்துக்கங்க, அவ்வளவுதான்.

மதுதான் உண்மையில கண்ணுக்கு தெரியாம வர்றது. சீனச் சமையல்ல மீன் ஆவியில வேக வைக்கும்போது, கோழிய ஊற வைக்கும்போது, நூடுல்ஸ் வதக்கும்போது ஹுவா தியாவ், ஷாவ்ஷிங் மாதிரி அரிசி ஒயின ஒரு கரண்டி ஊத்துவாங்க, நாம வெங்காயம் போடுற மாதிரி கை தானா போயிடும், மெனுவுல எழுதவே மாட்டாங்க. ஜப்பான் கடையில மிரின், சாகே ரெண்டும் மது, தெரியாக்கி சாஸ்ல இனிப்பும் பளபளப்பும் பெரும்பாலும் மிரின்லதான் வருது, சூஷி அரிசியில கூட சில கடையில சேப்பாங்க. அதனால "நான் மீன் சூஷிதான சாப்பிட்டேன், கறியே இல்லையே"ன்னு நிம்மதியா இருக்க முடியாது. ராமென் சூப்புல வெள்ளையா கெட்டியா இருக்குற வகை டொங்கோட்சு, அது பன்னி எலும்ப மணிக்கணக்கா கொதிக்க வச்சது. கொரியா கடையில மிளகாய் பேஸ்ட் சில பிராண்டுல ஆல்கஹால் சேத்திருக்கும், பாக்கெட்டுல எழுதியிருக்கும். இந்த மூணு வகைச் சாப்பாட்டுக்கும் நான் சான்றிதழ் இல்லாத கடைக்கு போறதில்ல, அது என் கணக்கு, சான்றிதழ் உள்ள ஜப்பான் கடையும் கொரியா கடையும் இங்க தாராளமா இருக்கறப்ப எதுக்கு அந்த சந்தேகம்.

சரி எப்படி கேக்குறது. எங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு வயசான சீன ஆன்ட்டி காய்கறி சோறு கடை வச்சிருந்தாங்க, போர்டுல பன்னி இல்லன்னு இருக்கும். நானும் அவங்களும் பேச பொது பாஷை மலாய்தான், பழைய தலைமுறை சீனர்களுக்கு சந்தை மலாய் நல்லா வரும். "பாபி அடா?"ன்னேன், பன்னி இருக்கா. "தடா தடா"ன்னாங்க, இல்ல இல்ல. "மின்யாக் பாபி?" பன்னி எண்ணெய். அதுவும் தடா. "அராக் பாக்கே?" சாராயம் சேப்பீங்களா. ஆன்ட்டி ஒரு நொடி யோசிச்சாங்க, கீழ குனிஞ்சு கருப்பா சாஸ் பாட்டில், எண்ணெய் டின், அப்புறம் சிவப்பு லேபிள் ஒட்டுன ஒரு பாட்டில், மூணையும் மேசை மேல வரிசையா வச்சாங்க. சிவப்பு லேபிள எடுத்து கோழியக் காட்டுனாங்க, முட்டைகோஸ் பக்கம் கைய ஆட்டி இதுல இல்லன்னாங்க. அந்த அம்மாவுக்கு ஹலால் சட்டம் எதுவும் தெரியாது, ஆனா அவ்ளோ நேர்மையா காட்டுனாங்க. நான் ஹலாலான்னு மட்டும் கேட்டிருந்தா "கேன் கேன்"னு சொல்லி கோழியோட குடுத்திருப்பாங்க. அன்னிக்கு நன்றி சொல்லிட்டு காபி மட்டும் குடிச்சிட்டு வந்தேன், கரண்டி ஒன்னுதான் எல்லாத்துக்கும் போகுது, காய்கறியையும் தனியா எடுக்க வழியில்ல.

ஆக பொருளக் கேளுங்க, தீர்ப்ப அவங்க கிட்ட கேக்காதீங்க. எண்ணெய் என்ன, சாஸ்ல ஒயின் இருக்கா, சூப்பு எந்த எலும்பு, கோழி எந்த சப்ளையர், இதே சட்டியா. தீர்ப்பு நம்மளுது. சத்தமா, அதட்டி, பத்து பேரு வரிசையில நிக்கும்போது கேக்காதீங்க, கூட்டம் இல்லாதப்ப கேளுங்க. அவரு தயங்குனா, தெரியலன்னா, சிரிச்சு மழுப்புனா நன்றி சொல்லிட்டு நகந்துடுங்க.

பேர்ப்பலகையில சில வார்த்தை தெரிஞ்சா பாதி வேலை மிச்சம். ஹொக்கியன் பாஷையில பக்குன்னா இறைச்சி, பழக்கத்துல அது பன்னி இறைச்சிதான். பக் குட் தே, பக் சோர் மீ, பக் குவா, பக் சாங்னு எது வந்தாலும் பக்குன்னு ஆரம்பிச்சா முதல்ல பன்னின்னே எடுத்துக்கங்க. சார் சியூ பன்னி, லாப் சியோங் பன்னி சாசேஜ். சார் குவே தியாவ், ஹொக்கியன் மீ இதெல்லாம் பேர்ல இல்லாட்டாலும் பழைய முறையில பன்னிக் கொழுப்புலதான் வதக்குவாங்க, முஸ்லிம் கடையில இதே பேர்ல ஹலாலாவும் கிடைக்கும், அதனால பேர பாத்து ஓடவும் வேணாம், கடைய பாருங்க. மலாய்ல ஆயாம்னா கோழி, ஈக்கான் மீன், காம்பிங் ஆடு, லெம்பு மாடு, ஊடாங் இறால், சோத்தோங் கணவாய், கெத்தாம் நண்டு. ஹலால் கடை மெனுவுல ஹாம், பேக்கன்னு பாத்து பதறுறவங்களும் உண்டு, அது கோழியிலயோ மாட்டுலயோ வான்கோழியிலயோ பண்ணது, சான்றிதழ் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு உக்காருங்க.

ஹாக்கர் சென்டர், இங்க வர்ற தமிழ் முரசு பேப்பர்ல உணவங்காடி நிலையம்னு எழுதுவாங்க, அங்க சான்றிதழ் ஒவ்வொரு ஸ்டாலுக்கும் தனி. இடத்துக்கு மொத்தமா கிடையாது, பக்கத்து ஸ்டால்ல என்ன விக்கிறாங்கங்கறது உங்க தட்ட பாதிக்காது. ஆனா தட்டுகள கலக்காம இருக்குறது நம்ம பொறுப்பு. சாப்பிட்டு முடிச்சா தட்ட நாமளே திருப்பி வைக்கணும், 2021 செப்டம்பர் 1-ல இருந்து ஹாக்கர் சென்டர்ல இத கண்டிப்பா அமல் பண்றாங்க, அந்த இடத்துல ஹலால் தட்டுக்கு ஒரு ரேக், ஹலால் அல்லாத தட்டுக்கு வேற ரேக்னு பிரிச்சு எழுதியிருக்கும். அவசரத்துல மாத்தி வச்சிடாதீங்க, அந்த மலாய் அம்மாவோட தட்டு பன்னிக் கறி தட்டோட போயி சேந்துடும். கூட வர்ற சீன நண்பர் அவரு ஸ்டால் தட்டுல வாங்கிட்டு வந்து பக்கத்துல சாப்பிடட்டும், அதுல பிரச்சினை இல்ல, கரண்டியும் தட்டும் கலக்காம இருந்தா போதும். எனக்கு ரொம்ப மனசு ஒப்பலன்னா பொட்டலம் கட்டி வாங்கிடுவேன், இங்க தப்பாவ்னு சொன்னா எல்லாருக்கும் புரியும்.

லிட்டில் இந்தியாவுல ஒரு தனி எச்சரிக்கை. தமிழ் போர்டு, வாழை இலை, மட்டன் சுக்கா, மீன் தலைக் கறின்னு பாத்ததும் நம்ம ஊரு மாதிரி தோணும், ஆனா அதுல பல கடையில பீர் விக்கிறாங்க, கறி எங்க வாங்குனதுன்னு தெரியாது. கடைக்காரர் நம்ம பாஷை பேசுறாருங்கறது ஒரு வசதிதான், கேள்விய தமிழ்லயே கேக்கலாம், ஆனா கேக்காம விட்டுடாதீங்க. அங்க இருக்குற சந்தையும் சாப்பாட்டுக் கடையும் சேந்த தேக்கா சென்டர்லயும் அப்படித்தான், நம்மாளுங்க பிரியாணி கடை வரிசையா இருக்கும், அதே கூரைக்கு கீழ சீனக் கடையும் இருக்கும். கொஞ்சமும் சந்தேகம் வேணாம்னா சைவ ஓட்டல் இருக்கவே இருக்கு, கோமள விலாஸ் 1947-ல இருந்து சிராங்கூன் ரோட்ல இருக்கு, இட்லி தோசைக்கு யாரையும் ஒன்னும் கேக்க வேணாம்.

இனிப்பு, கேக்கு விஷயத்துல நாம ரொம்ப அலட்சியமா இருக்கோம். கறி இல்லாததுல என்ன வந்துடப் போகுதுன்னு. ஜெலட்டின் பன்னித் தோல்லயோ மாட்டுலயோ எடுக்குறது, மூஸ், அடுப்புல வைக்காத சீஸ்கேக், மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய் எல்லாத்துலயும் இருக்கும். திராமிசு, பிளாக் ஃபாரஸ்ட் ரெண்டுலயும் பாரம்பரியமா மது ஊத்துவாங்க. சீன பேஸ்ட்ரி சிலதுல மொறுமொறுப்புக்கு லார்ட். பாக்கெட் வாங்குனா பின்னாடி திருப்பி பாருங்க, ஈ441னா ஜெலட்டின், ஈ120 பூச்சியில இருந்து எடுக்குற சிவப்பு சாயம், ஈ471 கொழுப்புல இருந்து வர்றது, தாவரமாவும் இருக்கலாம் மிருகமாவும் இருக்கலாம், முத்திரை இருந்தா கவலை இல்ல, இல்லன்னா தாவரம்னு எழுதியிருக்கான்னு பாருங்க. லிட்டில் இந்தியாவுல இருக்குற முஸ்தபாங்கற பெரிய கடையிலயும் சூப்பர் மார்க்கெட்லயும் மலேசிய பாக்கெட்ல ஜாக்கிம் முத்திரை நிறைய இருக்கும், அது மலேசிய அரசாங்கத்தோடது, நம்பி எடுக்கலாம்.

இன்னொன்னு நம்ம தமிழ் முஸ்லிம்களுக்கு மட்டும். இங்க மலாய் மக்கள் ஷாஃபி மத்ஹப், மத்ஹப்னா மார்க்கச் சட்டத்துல ஒரு வழிமுறை, கடல்ல வர்ற நண்டு, கணவாய், சிப்பி எல்லாம் சாப்பிடுவாங்க, கீழக்கரை காயல்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்க்காரங்க நாங்களும் அப்படித்தான். ஆனா ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வர்ற ஹனஃபி சொந்தங்களுக்கு கடல்ல மீனு மட்டும்தான், நண்டு கூடாது, இறால்ல கருத்து வேறுபாடு உண்டு. அதனால முயிஸ் சான்றிதழ் உள்ள கடையிலயே உங்களுக்கு ஒத்துவராத தட்டு இருக்கும், குழம்புல சிப்பி சாஸ் கூட இருக்கும். சான்றிதழ பாத்ததோட நிறுத்தாம உங்க மத்ஹப்புக்கு தகுந்த மாதிரி ஆர்டர் பண்ணுங்க. எங்க வீட்டுக்கு வந்த வேலூர் மாமிக்கு ஆசையா மிளகாய் நண்டு வாங்கி வச்சிட்டு அவங்க தொடாம உக்காந்திருந்தப்பதான் எனக்கே இது உறைச்சுச்சு.

எங்க தேடுறதுன்னு தெரியலன்னா பள்ளிவாசல தேடுங்க. புது ஏரியாவுக்கு போனா நான் செய்ற முதல் வேலை அதுதான், தொழுகையும் ஆச்சு, தொழுதுட்டு வெளிய வர்றவங்க எங்க சாப்பிட போறாங்கன்னு பாத்தா போதும். சுல்தான் பள்ளியச் சுத்தி கம்போங் கிளாம் முழுக்க நமக்கு இடம்தான், எதிர்ல ஜம்ஜம் ஓட்டல்ல 1908-ல இருந்து முர்தபா, அதான் கறி வச்ச பரோட்டா, போடுறாங்க. சிராங்கூன் ரோட்ல முஸ்தபா பக்கம் அங்குலியா பள்ளி, டன்லப் ஸ்ட்ரீட்ல அப்துல் கஃபூர் பள்ளி. சைனாடவுன் சுத்திப் பாக்க போறவங்களுக்குத்தான் கஷ்டம், அங்க சவுத் பிரிட்ஜ் ரோட்ல நம்ம சோழியா மக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள், 1826-ல ஆரம்பிச்ச ஜாமிஆ சூலியா பள்ளி இருக்கு, மதியம் லுஹர் தொழுகைக்கு அங்க ஒதுங்கி உள்ள இருக்குறவங்ககிட்ட தமிழ்லயே கேளுங்க, பக்கத்துல எங்க சாப்பிடலாம்னு வழி சொல்லுவாங்க. மலாய் சாப்பாடுன்னா கேலாங் சிராய் சந்தை மாடி.

ஆப்ல ஆர்டர் பண்றவங்க ஹலால் ஃபில்டர மட்டும் நம்பாதீங்க, அதுல வர்ற கடை பேர எடுத்து கிளையோட ஹலால்எஸ்ஜில ஒரு தடவை போட்டு பாருங்க, அரை நிமிஷம். ஆபீஸ்ல விருந்து வச்சா ரெண்டு நாளு முன்னாடியே ஏற்பாடு பண்றவங்ககிட்ட சொல்லிடுங்க, அன்னிக்கு போயி நின்னு முழிக்காதீங்க, இந்த ஊர்ல கேட்டா தனியா ஹலால் டப்பா வாங்கி வைக்கிறது சாதாரணம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

எவ்ளோ பாத்தும் தெரியாம சாப்பிட்டுட்டா? தெரியாம செஞ்சதுக்கு குத்தம் இல்ல, தெரிஞ்ச நிமிஷம் நிறுத்திட்டு வாயக் கழுவிட்டு எந்திரிங்க, பிள்ளைங்கள திட்டாதீங்க, பயமுறுத்தாதீங்க. பன்னி சம்பந்தப்பட்டதுன்னா கையும் வாயும் எப்படி சுத்தம் பண்றதுன்னு மார்க்கம் படிச்ச உங்க ஆலிம்கிட்ட கேட்டுக்கங்க. தேதி முடிஞ்ச சான்றிதழ் மாட்டியிருந்தா முதல்ல கடைக்காரர்கிட்ட தனியா சொல்லுங்க, புதுசு வந்து மாட்ட மறந்திருக்கலாம், ஹலால்எஸ்ஜில பாத்தா தெரிஞ்சிடும். தேடல்லயும் இல்ல, முத்திரை மட்டும் தொங்குதுன்னா கடை பேரு, யூனிட் நம்பர், முத்திரை மூணும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து முயிஸுக்கு அனுப்பிடுங்க, வாட்ஸப் குரூப்புல சுத்த விடாதீங்க. நான் ஒரு தடவை அப்படி ஒரு கடைய பத்தி அனுப்புனேன், கொஞ்ச நாளு கழிச்சு அந்தப் பக்கம் போனப்ப கண்ணாடியில ஸ்டிக்கர் இருந்த இடத்துல பசை தடம் மட்டும் வட்டமா இருந்துச்சு.